மொரிஷியஸ் போகிறீர்களா? ஓட்டலுக்கு முன் காற்றைப் பாருங்கள்

மொரிஷியஸ் போகப் போவதாகச் சொல்லி யார் யோசனை கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கிறது. "எந்த ஓட்டல் நல்லது?" நான் பதிலுக்குக் கேட்பது, "எந்த மாதம் போறீங்க?" அது தெரியாமல் ஓட்டல் பெயர் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சுமார் 65 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்ட தீவு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் காரில் போக இரண்டு மணி நேரம் போதும். ஆனால் ஒரே நாளில் ஒரு கரையில் வெயில் காயும், இன்னொரு கரையில் மணல் கண்ணில் அடிக்கும், நடுவில் மலைமேட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குடை பிடித்து நடப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று. தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவங்கள் நமக்குத் தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை அவர்களுக்குக் குளிர்காலம். அந்த மாதங்களில், அதிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்கிழக்குக் காற்று பலமாக இருக்கும். கிழக்குக் கரையில் இருக்கும் பெல் மார் மணல் படங்களில் பார்ப்பதுபோலவே அழகானதுதான். ஆனால் ஜூலையில் அங்கே அறை எடுத்தால், மாலையில் கடற்கரையில் உட்காரவே முடியாத நாட்கள் வரும். அதே வாரத்தில் மலைகளின் மறைவில் இருக்கும் மேற்குக் கரை, அதாவது ஃபிளிக் ஆன் ஃபிளாக், தமரின் பக்கம், வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும். வடக்கில் கிராண்ட் பே, மோன் ஷுவாசி பக்கமும் ஓரளவு தப்பிக்கலாம். டிசம்பர், ஜனவரி என்றால் கதை மாறும். மேற்கில் புழுக்கம் தாங்காது, கிழக்கின் காற்று அப்போது வரப்பிரசாதம். நம் ஊர்ப் பயண ஏற்பாட்டாளர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது, கையில் இருக்கும் ஓட்டலில் போட்டுவிடுகிறார்கள். மே பரவாயில்லை, காற்று இன்னும் முழுப் பலத்துக்கு வந்திருக்காது. என்னைக் கேட்டால் அக்டோபரும் நவம்பர் முற்பகுதியும்தான் முதல் தேர்வு. காற்று தணிந்திருக்கும், மழை தொடங்கியிருக்காது, கடல்நீர் சூடேறத் தொடங்கியிருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அபாயம் உண்டு. புயல் எச்சரிக்கையை அங்கே ஒன்று முதல் நான்கு வரை வகுப்புகளாக அறிவிப்பார்கள். மூன்றாம் வகுப்பு அறிவித்துவிட்டால் கடைகள் மூடும், பேருந்துகள் நிற்கும், எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, நாமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் போங்கள், ஆனால் பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். திரும்பி வந்த மறுநாளே அலுவலகம் என்று திட்டமும் போடாதீர்கள்.

நுழைவு விஷயம் எளிது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவை கையில் இருக்க வேண்டும். கிளம்பும் முன் அரசின் இணையதளத்தில் பயணப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். கவனிக்க வேண்டியது சுங்கத்தில்தான். செடி, விதை, பழம், காய்கறி எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைக் கொத்து, வெற்றிலை, மாம்பழம் எல்லாம் இதில் அடங்கும். அந்தத் தீவின் பயிர்களும் காடும் வெளியிலிருந்து வரும் ஒரு பூச்சிக்கே பலியாகக்கூடியவை. மின்சிகரெட் கொண்டுபோகவே தடை. வலி மாத்திரை, தூக்க மாத்திரைகளில் சிலவற்றை அவர்களின் சட்டம் போதைப்பொருளாகவே பார்க்கிறது. அதனால் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோவது நல்லது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். சுவர் பிளக் பெரும்பாலும் மூன்று சதுரக் கம்பி கொண்ட பிரிட்டிஷ் வகை, சில இடங்களில் இரண்டு உருண்டைக் கம்பி வகை. ஒரு அடாப்டர் போதும்.

அப்புறம் பணம். அவர்களுடைய நாணயத்தின் பெயரும் ரூபாய்தான், மதிப்பு ஏறத்தாழ நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. விலைப்பலகையைப் பார்த்ததும் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நோட்டு கைக்கு வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று மொழிகளில் மதிப்பு எழுதியிருக்கும். இந்த வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு. 1998-இல் தமிழைப் பின்னுக்குத் தள்ளி இந்தியை முன்னே வைத்துப் புதிய நோட்டுகளை அச்சிட்டு வெளியிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் எதிர்த்து எழுந்தார்கள். வெளியிட்ட நோட்டுகளையே திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மறுபடி அச்சிட வேண்டியதாயிற்று. நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வம்சாவளி அரசியல் தலைவர். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேருந்தில் சீட்டு வாங்கும்போது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

தங்குவதைப் பற்றி என் கருத்து உறுதியானது. உணவு, குடி, படகு எல்லாம் சேர்ந்த பெரிய ரிசார்ட் தொகுப்பை எடுத்தால் ஓய்வு கிடைக்கும், மொரிஷியஸ் கிடைக்காது. ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலும் கிராண்ட் பேயிலும் மாஹேபூரிலும் சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. குடும்பமாகப் போனால் செலவும் குறையும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையும் குறையும். கடற்கரை கைவிட்டுப் போகுமோ என்று பயப்பட வேண்டாம். அந்த நாட்டில் உயர் அலை தொடும் கோடு வரை கடற்கரை பொதுமக்களுக்குச் சொந்தம். எவ்வளவு பெரிய ஓட்டலாக இருந்தாலும் அதன் முன்னால் இருக்கும் மணலில் நீங்கள் நடப்பதைத் தடுக்க முடியாது. ஓட்டலின் நாற்காலியில் உட்காரத்தான் உரிமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமையில் பொதுக் கடற்கரைக்குப் போங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். சவுக்கு மரங்களுக்கு அடியில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் போடுவார்கள். பெரிய பாத்திரத்தில் பிரியாணி திறக்கும். ஒரு பக்கம் ஆட்டுத்தோல் ரவான் மேளம் தட்டி சேகா பாடுவார்கள். ரவான் மேளத்தோடு பாடும் இந்தப் பாட்டு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் உருவாக்கியது. 2014-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓட்டல் மேடையில் பாவாடை சுழற்றி ஆடிக் காட்டும் சேகாவைவிட மரத்தடியில் கேட்பது எத்தனையோ மேல்.

கடலில் இறங்கும் முன் சில விஷயங்கள். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி இருப்பதால் உள்ளே இருக்கும் நீர் குளம்போல அமைதியாக இருக்கும், குழந்தைகளுக்கு நல்லது. ஆனால் தெற்கே சூயாக் அருகே கிரி கிரியில் அந்த வேலி இல்லை. அங்கே அலை நேராகப் பாறையில் வந்து மோதும். பார்க்கலாம், இறங்கக் கூடாது. பலகை வைத்திருப்பதைத் தாண்டி இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறுகிறது. ஆழமற்ற இடத்திலும் ரப்பர் செருப்பு அணியாமல் நடக்காதீர்கள். கடல் முள்ளெலி குத்தும். அதைவிட மோசம் கல்மீன். பார்க்கப் பாசி படிந்த கல்லாகவே தெரியும், மிதித்தால் முள்ளின் நஞ்சு ஏறி மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

தமரின் பக்கம் விடியற்காலையில் "டால்பினோடு நீந்தலாம்" என்று அழைத்துப் போவார்கள். நான் போகச் சொல்ல மாட்டேன். இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டு ஓய்வெடுக்கக் கரையோரம் வருகின்றன அவை. அந்த நேரத்தில் படகுகள் வரிசை கட்டித் துரத்துகின்றன. பவளம் பார்க்க ஆசை என்றால் தென்கிழக்கில் ப்ளூ பே கடல் பூங்காவுக்குப் போய்க் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறுங்கள். 2020 ஜூலையில் தரைதட்டிய வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் ஆகஸ்டில் எண்ணெய் கொட்டியது இதற்குச் சற்று வடக்கே. அப்போது மொரிஷியஸ் மக்கள் அரசுக்காகக் காத்திருக்காமல் கரும்புச் சருகைத் துணியில் திணித்து மிதவைகள் தைத்து எண்ணெயைத் தடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கரையில் இறங்கி வேலை செய்தார்கள். அப்படிக் காப்பாற்றிய பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஊர் சுற்றப் பேருந்து போதும் என்பேன், மாலை ஆறு மணி வரை. அதற்குப் பிறகு பல தடங்களில் பேருந்து குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். நடத்துநர் சீட்டு தருவார், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியோடு மட்டும் ஏற வேண்டாம், வைக்க இடம் இருக்காது. போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில், காத்ர் போர்ன் வழியாக மலைமேட்டில் இருக்கும் க்யூர்பிப் வரை இப்போது மெட்ரோ ஓடுகிறது. அந்தப் பாதையில் போகும்போது ஜன்னல் வழியே முழு நகர வாழ்க்கையும் தெரியும். க்யூர்பிப்புக்குப் போகிறவர்கள் மேல்சட்டை ஒன்று எடுத்துப் போங்கள், கடற்கரையைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும். டாக்சியில் மீட்டரை நம்ப முடியாது, ஏறும் முன் தொகையைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கார் வாடகைக்கு எடுத்தால் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலைகளில் நடைபாதை இருக்காது, இருட்டில் ஆட்கள் ஓரமாக நடந்து போவார்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை அறுவடைக் காலம், கரும்பு லாரிகளும் சேர்ந்துகொள்ளும். இரவில் ஓட்டுவதைத் தவிர்ப்பதே நல்லது.

அந்தத் தோட்டங்களின் நடுவே கருங்கல் குவியல்கள் கோபுரம்போல உயர்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். எரிமலைத் தீவு, மண்ணெல்லாம் கல். கரும்பு நடுவதற்காக அந்தக் கற்களைக் கையால் பொறுக்கி அடுக்கியவர்கள் அடிமைகளும் அவர்களுக்குப் பின் இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகளும். 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அந்தத் தீவில் கப்பலிறங்கினார்கள். கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களோடு சென்னையும் அவர்கள் கிளம்பிய இடம். அவர்கள் இறங்கி ஏறிய படிக்கட்டு போர்ட் லூயித் துறைமுகத்தில் இன்றும் இருக்கிறது. ஆப்ரவாசி காட் என்று பெயர், 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். நுழைவுக் கட்டணம் இல்லை, ஞாயிறு விடுமுறை. சில படிகள்தான், அரை மணியில் பார்த்துவிட்டு வரலாம் என்பார்கள். அரை நாள் ஒதுக்குங்கள். பக்கத்தில் இருக்கும் விளக்கக் கூடத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், சாதி, கிராமம், உடம்பில் இருக்கும் அடையாளம். நம் மாவட்டங்களின் பெயர்களை அங்கே பார்க்கும்போது அது வேறு யாருடைய வரலாறோ அல்ல என்று புரியும்.

தமிழர்கள் கூலிகளாகத்தான் அங்கே போனார்கள் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே காலத்தில், புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் கைவினைஞர்களும் போய்ப் போர்ட் லூயியைக் கட்டியிருக்கிறார்கள். நகரின் வடபக்கம் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில் அங்குள்ள தமிழர்களின் பெரிய கோயில்களில் ஒன்று. கைலாசம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. அந்த நாளில் போக நேர்ந்தால் நீங்கள் தங்கியிருக்கும் ஊரின் கோயிலுக்கே போங்கள். செருப்பை வெளியே விட்டு, கால் மறைக்கும் உடை உடுத்தி ஓரமாக நில்லுங்கள். காவடி முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறிகளோடு சோறு போடுவார்கள். வந்தவர் யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள்.

நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அங்கே ஒருவர் பெயர் வீரப்பன் அல்லது மூர்த்தி என்று தெரிந்ததும் தமிழில் பேசிப் பார்க்கிறோம், பதில் வராவிட்டால் "தமிழ் தெரியாதா?" என்று முகம் சுளிக்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலோரின் வீட்டு மொழி பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல். எழுத்துக்கும் பள்ளிக்கும் பிரெஞ்சும் ஆங்கிலமும். ஐந்தாறு தலைமுறையாக மொழி கையை விட்டு நழுவிய பிறகும் விரதத்தையும் காவடியையும் சித்திரைப் புத்தாண்டையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் தமிழ்ப் பாடம் எடுக்க வைக்கிறார்கள். அங்கே "நீங்க இந்துவா?" என்று கேட்டால் "இல்லை, தமிழ்" என்று பதில் வரலாம். அங்கே பேச்சில் இந்து என்றால் வட இந்திய வம்சாவளியினர், தமிழர் தனிச் சமூகம். அதைத் திருத்த முயலாமல் கேட்டுக்கொள்வதே மரியாதை. நீங்கள் "போன்ஜூர்" என்று வணக்கம் சொல்லித் தொடங்குங்கள். கடையோ பேருந்தோ, வணக்கம் சொல்லாமல் நேராகக் கேள்வி கேட்பது அங்கே முரட்டுத்தனம்.

சாப்பாட்டுக்கு வருவோம். தெருவோரச் சாப்பாட்டில் இந்தத் தீவை மிஞ்ச முடியாது. பருப்பைப் பொடித்து உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய தால் பூரியை ஜோடியாகத்தான் விற்பார்கள். உள்ளே அவரைக்கொட்டைக் குழம்பும் தக்காளித் தொக்கும் துவையலும் வைத்துச் சுருட்டித் தருவார்கள். காலையில் பட்டாணிப் பருப்போ கடலைப் பருப்போ அரைத்துப் பொரித்த காட்டோ பிமா, நம் மசால்வடையின் தம்பி. அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு பொருத்தம். முருங்கைக் கீரையை அங்கே முரூம் என்று சொல்கிறார்கள், சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். சைவர்கள் வறுத்த நூடுல்ஸ் வாங்கும்போது மட்டும் முட்டையும் சிப்பிச் சாறும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெயிலுக்கு அலூடா குடிக்கப் போர்ட் லூயி மத்தியச் சந்தைதான் சரியான இடம், பாலும் சப்ஜா விதையும் கடற்பாசியும் கலந்தது. தால் பூரி வண்டிகளில் மதியத்துக்குள் தீர்ந்துவிடும், பதினொரு மணிக்கே போய்விடுங்கள்.

காடு பிடித்தவர்களுக்குப் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா. டோடோ பறவையைத் தொலைத்த தீவு, மற்ற பறவைகளை மீட்டதும் அதே தீவுதான். 1974-இல் காட்டில் நாலே நாலு மொரிஷியஸ் வல்லூறுகள்தான் எஞ்சியிருந்தன. கூட்டிலிருந்து முட்டை எடுத்துப் பொரித்து வளர்த்து, இன்று சில நூறாக்கியிருக்கிறார்கள். மாஹேபூருக்கு எதிரே இருக்கும் சின்னத் தீவான இல் ஓ ஸெக்ரெத்துக்கு வழிகாட்டியோடு போனால் இளஞ்சிவப்புப் புறாவையும் ராட்சத ஆமைகளையும் பார்க்கலாம். நீங்கள் கொடுக்கும் கட்டணம் அந்தப் பாதுகாப்பு வேலைக்கே போகிறது. பேர் ஒரே மாதிரி இருக்கும் இல் ஓ ஸெர்ஃப் வேறு தீவு, கிழக்கில், கூட்டமும் படகுச் சத்தமும். படகுக்காரரிடம் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். கிரான் பாசேன் கங்கா தலாவ் ஏரிக்கரையில் குரங்குகள் பையைப் பிடுங்கும், பிரசாதத்தைக் கையில் வைத்து நடக்காதீர்கள். சிவராத்திரிக்கு முன் சில நாட்கள் அந்தப் பாதை முழுவதும் நடந்து வரும் பக்தர்கள் நிறைந்திருப்பார்கள், காரில் போகத் திட்டமிட வேண்டாம்.

கடைசி இரவை மாஹேபூரில் வைத்துக்கொள்வது நல்லது. விமான நிலையம் அங்கிருந்து மிக அருகில். வடக்கில் கிராண்ட் பேயில் தங்கிவிட்டுக் காலை விமானத்துக்கு ஓடினால் போர்ட் லூயி நெரிசலில் மாட்டிக்கொள்ள நேரிடும். முடிந்தால் அந்தக் கடைசி நாள் திங்கட்கிழமையாக அமையும்படி பாருங்கள், மாஹேபூர் வாரச்சந்தை அன்றைக்குத்தான். வெனிலாவும் கரும்புச் சர்க்கரையும் விமான நிலையக் கடையைவிட அங்கே மலிவு. ஊறுகாய் வாங்கினால் மூடியை இறுக்கிப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிடுங்கள், கைப்பையில் எண்ணெய் ஊறுகாயை அனுமதிக்க மாட்டார்கள்.